வேலையைப் பொட்டலம் கட்டுவது எப்படி?

(வியாபாரப் பாடம்)

கெமாஸ் வட்டாரத்து வியாபார அன்பர்களுக்காக நாம் இம்முறை எடுத்துக்கொண்ட பாடம், ஒரு சங்க மடல் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது எப்படி என்பதாகும். மடல் தொடங்குவது எளிது. அதை நடத்துவதே கடினம். முதல் இதழுக்கு ஊரே கூடி வாழ்த்தும். ஆறாவது இதழுக்கு அச்சுக்கூலி கொடுக்கச் செயலாளர் தம் சட்டைப்பையைத் தடவுவார். பன்னிரண்டாவது இதழ் வந்தால் உண்டு. வராவிட்டால் ஏன் என்று கேட்பாரும் இல்லை.

இது சிறிய மடல்களுக்கு மட்டும் உள்ள துன்பம் அன்று. 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோயிற்று. தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிய பத்திரிகைக்கே அந்த நிலை என்றால், எட்டுப் பக்கச் சங்க மடலுக்கு என்ன உறுதி? ஆகவே மடலுக்கு வருவாய் எங்கிருந்து வரும் என்ற கேள்வியை, வியாபாரிகளாகிய நாம் வியாபாரக் கண்ணோடு பார்ப்பது அவசியம்.

சந்தாவும் விளம்பரமும் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 200 பிரதி அச்சிடுவதாகவும், அச்சுக்கூலியும் தபாலும் சேர்ந்து பிரதிக்கு 3 வெள்ளி ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 600 வெள்ளி. ஆண்டுக்கு 7,200 வெள்ளி. ஆண்டுச் சந்தா 12 வெள்ளி வீதம் 200 பேரும் பாக்கியில்லாமல் கொடுத்தால் 2,400 வெள்ளி வரும். மாதந்தோறும் ஆறு கடைகள், ஒவ்வொன்றும் 40 வெள்ளி வீதம் விளம்பரம் கொடுத்தால் ஆண்டுக்கு 2,880 வெள்ளி. ஆக மொத்த வரவு 5,280. துண்டு விழுவது 1,920. அதாவது மாதம் 160 வெள்ளி.

இவை பாடத்துக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள். பொருளாளர்கள் தத்தம் ஊர் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். துண்டின் அளவு மாறலாம். துண்டு இல்லாத ஊர் அரிது.

சந்தாவை உயர்த்தினால் வாசகர் குறைவர். விளம்பரத்தைக் கூட்டலாம் என்றால், கெமாஸ் போன்ற ஊரில் விளம்பரம் தருகிறவரும் மடலை வாசிக்கிறவரும் ஒருவரே. மாதா மாதம் அதே ஆறு கடை வாசலில் போய் நின்றால், அவர் தருவது விளம்பரக் காசு அன்று. முகத்துக்காகத் தரும் நன்கொடை. மூன்றாவதாக ஒரு வழி வேண்டும். வாசகருக்கு உண்மையாகத் தேவைப்படும் ஒரு வேலையை, நியாயமான விலைக்கு, மடலின் பேரால் செய்து கொடுப்பதே அந்த வழி.

மடலிடம் உள்ள சரக்கு

நம்மிடம் விற்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். எந்தக் கடைக்கு எது தேவை என்ற அறிவும், இவர்கள் சொன்னால் செய்வார்கள் என்ற நம்பிக்கையும் மடலின் சரக்கு. இவ்விரண்டும் விலை கொடுத்து வாங்க முடியாதவை.

நம்மவரிடமே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அது 1890 வரை வெளிவந்தது. அதை அச்சிட்ட தீனோதய வேந்திர சாலை, பத்திரிகை வேலையோடு நின்றுவிடவில்லை. சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' 1887-இல் அங்குதான் அச்சேறியது. நூல் அச்சிடும் வேலை எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். இத்தனை பக்கம், இத்தனை பிரதி, இன்ன காகிதம், இன்ன விலை என்று பேசி முடித்தபின், நூலை ஒப்படைத்தால் வேலை தீர்ந்தது. கலியாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் நோட்டீசும் அவ்வாறே. அச்சகம் வைத்துப் பத்திரிகை நடத்திய அக்காலத்தவர் பலருக்கு இத்தகைய அளவுள்ள வேலைகள் கைகொடுத்தன.

ஐரோப்பாவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இன்று உலகம் முழுவதும் செய்தி அனுப்பும் ராய்ட்டர் நிறுவனம் 1851-இல் லண்டனில் தொடங்கியபோது செய்தித்தாள்களை நம்பித் தொடங்கவில்லை. லண்டன், பாரிஸ் பங்குச் சந்தை விலைகளைத் தந்தி வழியே தரகர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கொடுத்தே அது முதலில் வயிறு வளர்த்தது. வியாபாரிக்கு வேண்டிய ஒரு சிறு காரியத்தை ஒழுங்காகச் செய்தவர்கள் பிறகு பெரிய காரியமும் செய்தார்கள்.

நம் வட்டாரத்தின் தேவை என்ன? ஒரு காலத்தில் நாம் தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்துச் சரக்கு எடுத்தோம், 555 நோட்டில் கடன் எழுதினோம், அது போதுமாயிருந்தது. இன்று தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குறைந்து, வாடிக்கையாளர் மாறிவிட்டனர். 2024 ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி இ-இன்வாய்ஸ் முறை படிப்படியாக வந்தது. மொத்தச் சரக்குக் கொடுப்பவர் கடைக்காரரிடம் வரி அடையாள எண்ணையும் வியாபாரப் பதிவு எண்ணையும் கேட்கிறார். வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வெறும் 555 நோட்டை வைத்திருக்கும் கடை இங்கே தடுமாறுகிறது. இந்தத் தடுமாற்றத்தைத் தீர்ப்பதுதான் மடல் செய்யத்தக்க வேலை.

நாம் பட்ட பாடு

இந்த இடத்தில் நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் தம் கணக்கைச் சீர்செய்து தரும்படி கேட்டார். கணக்கியல் படித்த நம் இளைஞர் ஒருவரை அனுப்பினோம். விலை பேசவில்லை, "பார்த்துச் செய்யுங்கள் காக்கா" என்றதோடு சரி. முதல் வாரம் மூன்று மாதக் கணக்கு. அடுத்த வாரம், "தம்பி, போன வருஷத்துச் சீட்டும் கொஞ்சம் கிடக்குது, அதையும் பாத்துடுங்களேன்" என்றார். பிறகு பேங்குக்குக் கடன் மனு. பிறகு மகனுடைய கடைக் கணக்கு. இரண்டரை மாதம் சென்றது. கூலி கேட்கப் பையனுக்குக் கூச்சம். எவ்வளவு கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் கொடுத்த தொகை போக்குவரத்துக்கே காணவில்லை. அவரோ, தாம் நிறையக் கொடுத்துவிட்டதாக நினைத்தார்.

பையன் சங்கத்துப் பக்கம் வருவதை நிறுத்தினான். கடைக்காரர் சந்தாவை நிறுத்தினார். மடலின் கணக்கு வேலையையும் அந்தப் பையனே பார்த்து வந்ததால், மூன்று மாதம் மடலும் நின்றது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லை எது என்று தொடக்கத்தில் நாம் சொல்லாததே குற்றம். "நம்ம ஆள்தானே" என்று சொல்லித் தொடங்கிய வேலை, நம்ம ஆளையே பிரித்துவிட்டது.

பொட்டலமும் ஐந்து முடிச்சும்

கடையில் சீனியை நாம் எப்படி விற்கிறோம்? மூட்டையை அவிழ்த்து வைத்து, வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளுங்கள் என்று சொல்வதில்லை. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலம் கட்டி, விலை சொல்லிக் கொடுக்கிறோம். வாங்குகிறவருக்குத் தாம் என்ன வாங்கினோம் என்பது தெரியும்; விற்கிறவருக்குத் தமக்கு என்ன மிஞ்சும் என்பது தெரியும். வேலையையும் அப்படியே கட்ட வேண்டும்.

கலியாண விருந்துக்குப் பண்டாரியிடம் பேசும்போது நாம் இதை ஒழுங்காகவே செய்கிறோம். எத்தனை சகன், சகனுக்கு எத்தனை பேர், அரிசியும் இறைச்சியும் யார் பொறுப்பு, விறகும் சட்டியும் யாருடையது, கூலி எவ்வளவு என்று எல்லாம் பேசிய பிறகே அடுப்பு மூட்டப்படுகிறது. கடைசி நேரத்தில் இருபது சகன் கூடினால் அதற்குத் தனிக் கூலி என்பதில் சண்டை வருவதில்லை. சமையலில் உள்ள இந்தத் தெளிவு, எழுத்து வேலையிலும் கணக்கு வேலையிலும் ஏன் இருக்கக் கூடாது? கூலி ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும், தெளிவில்லாத பேரம் கூடாது என்பதும் மார்க்க அறிஞர்கள் காட்டிய வழியே. நாம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

பொட்டலத்துக்கு ஐந்து முடிச்சு வேண்டும்.

முதலாவது, பொருள். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கையில் என்ன கிடைக்கும்? "உதவி செய்வோம்" என்பது பொருள் ஆகாது. "ஒரு பேரேடும் ஒரு பாக்கிப் பட்டியலும்" என்பது பொருள்.

இரண்டாவது, அளவு. எத்தனை கடை, எத்தனை மாதம், எத்தனை சீட்டு? எண்ணில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விலக்கு. எவை இதில் சேரா? பெரும்பாலோர் இதை எழுதக் கூசுவார்கள். ஆனால் பிற்காலச் சண்டைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு வரி இல்லாததால் வருபவை.

நான்காவது, காலம். எந்த நாளிலிருந்து எத்தனை நாள்? நாள் எண்ணத் தொடங்குவது, வாடிக்கையாளர் தர வேண்டிய தாள் முழுவதும் வந்த பிறகே.

ஐந்தாவது, விலை. எவ்வளவு, எப்போது, யார் கையில்? இந்த விலையை மடலிலேயே அச்சிட வேண்டும். "விலைக்கு நேரில் விசாரிக்கவும்" என்று போட்டால், ஆளுக்கு ஒரு விலை என்ற சந்தேகம் அன்றே பிறந்துவிடும்.

ஒரு மாதிரி

மேற்கூறிய ஐந்து முடிச்சும் உள்ள விளம்பரம் ஒன்றை எழுதிக் காட்டுகிறோம்.

"மூன்று மாதக் கணக்கு ஒழுங்கு. ஒரு கடைக்கு மட்டும். கொள்முதல் பில்லும் செலவுச் சீட்டும் சேர்ந்து 150 வரை. தேதி வாரியான வரவு செலவுப் பேரேடு, கடன் பாக்கிப் பட்டியல், ஒரு மணி நேர நேர்முக விளக்கம் ஆகிய மூன்றும் கிடைக்கும். வரி மனு, பேங்குக் கடன் மனு, பாக்கி வசூல், தொலைந்த சீட்டைத் தேடுதல் ஆகியவை சேரா. கடைசிச் சீட்டு எம் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளில் முடியும். விலை 220 வெள்ளி. சீட்டுகளை ஒப்படைக்கையில் பாதி, பேரேட்டைப் பெறுகையில் பாதி. பேரேடு பெற்ற 7 நாளுக்குள் பிழை கண்டால் இலவசமாகத் திருத்தித் தரப்படும்."

இனி இதன் கணக்கைப் பாருங்கள். 12 மணி நேர வேலை, மணிக்கு 10 வெள்ளி வீதம் கூலி 120. தாளும் போக்குவரத்தும் 20. மிச்சம் 80 வெள்ளி மடலுக்கு. மாதம் இரண்டு பொட்டலம் விற்றால் 160. நாம் முதலில் கண்ட துண்டு அடைபட்டுவிடும். ஆண்டுக்கு 24 பொட்டலம் என்றால், 200 வாசகரில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் ஒரே ஒரு முறை வாங்கினால் போதும்.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். சொன்ன வேலை இரட்டித்து 24 மணி நேரம் ஆனால், கூலி 240, இதரச் செலவு 20, ஆக 260. வாங்கியது 220. மடலுக்கு 40 வெள்ளி நட்டம். மூன்றாவது முடிச்சு எத்தனை வெள்ளி பெறும் என்பது இப்போது விளங்கும்.

கூடுதல் வேலை கேட்டால் முகத்தை முறிக்க வேண்டியதில்லை. கெமாஸ் சந்திப்பில் ரயில் ஏறிப் பழகிய நமக்கு இது தெரிந்த காரியம். இங்கிருந்து ஒரு பாதை தெற்கே ஜொகூருக்கும், மற்றொன்று 1931-இல் முடிவுற்ற கிழக்குப் பாதையாகத் தும்பாட்டுக்கும் போகிறது. தும்பாட் போக விரும்புகிறவர் ஜொகூர் டிக்கெட்டைக் காட்டி வாதாடுவதில்லை; வேறு டிக்கெட் எடுக்கிறார். அவ்வாறே, "காக்கா, இது அடுத்த பொட்டலம். இதை முடித்துக் கொடுத்துவிட்டு அதையும் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் மரியாதையும் கெடாது, வியாபாரமும் கூடும்.

கணக்கு மட்டுமே பொட்டலம் ஆகும் என்பதில்லை. சாப்பாட்டுக் கடையின் 50 பொருள் விலைப்பட்டியலை மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் எழுதித் தரலாம். ஆண்டு முடிவில் ஒரு கடையின் சரக்கு இருப்பை ஒரே இரவில் எண்ணிப் பட்டியலாக்கலாம். முதலில் ஒன்றை மட்டும் தொடங்கி, மூன்று கடைக்குச் செய்து பார்த்து, நேரத்தைக் கடிகாரம் வைத்து எழுதிக்கொண்டு, பிறகு விலையை உறுதி செய்வதே விவேகம்.

தொடக்கூடாதவை

சில வேலைகள் நமக்குத் தெரிந்திருந்தாலும் நாம் விற்கக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு பிறர் சார்பில் வரி விவகாரம் பார்ப்பது உரிமம் பெற்ற வரி முகவரின் வேலை. ஒப்பந்தப் பத்திரமும் வழக்கும் வழக்கறிஞர் வேலை. உம்ராப் பயணம் விற்பது சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனங்களின் வேலை. வியாபாரப் பதிவை உரிமையாளரே செய்துகொள்ள வேண்டும். தாள்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதோடு நாம் நின்றுவிட வேண்டும். அத்தகைய தேவையோடு வருபவரை உரியவரிடம் அனுப்புவதே நாணயம்.

சங்கத்தின் பேரால் காசு வாங்குவதற்குச் சங்க விதிகள் இடம் தருகின்றனவா என்பதைச் செயற்குழு முதலில் பார்க்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வேண்டும். பணம் சங்கக் கணக்கில் சேர வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும். தனி ஒருவர் பையில் விழும் காசு, எத்தனை நல்லவர் பையானாலும், மடலைக் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது இரகசியம். ஒரு கடையின் பாக்கிப் பட்டியல் நம் கையில் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் நெருக்கடியில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் தெரியும். சிறிய ஊரில் ஒரு சொல் வெளியே போனால் அந்தக் கடையின் நாணயம் ஒரே நாளில் போய்விடும். ஆகவே கணக்குப் பார்ப்பவர் மடலில் எழுதுபவராக இல்லாதிருப்பது நல்லது. தாள்களை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. பிறருடைய கணக்கு நம்மிடம் அமானிதம். அதைக் காக்க முடியாதவர்கள் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பதே மேல்.

நம்மவரிடம் காசு வாங்கலாமா?

"சங்கம் என்றால் சேவை அல்லவா? நம்மவரிடமே விலை சொல்வதா?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இலவச வேலை உண்மையில் யாருக்கும் இலவசம் அன்று. படித்த பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைகளே அதன் விலை. நாம் முன்னே சொன்ன பையன் அந்த விலையைக் கொடுத்துவிட்டுத்தான் விலகினான். விலை சொல்லிச் செய்யும்போது, கேட்பவர் தாழ்ந்து நிற்பதில்லை. காசு கொடுத்து வாங்கும் வாடிக்கையாளராக நிமிர்ந்து நிற்கிறார். பிழை இருந்தால் உரிமையோடு சொல்லித் திருத்திக்கொள்கிறார். கொடுக்க இயலாத விதவை ஒருவர் கடை நடத்தினால், செயற்குழு கூடி, அவருக்கான பொட்டலத்தின் விலையைச் சங்க நிதியிலிருந்து கொடுத்துவிடலாம். அப்போதும் வேலை செய்த பிள்ளைக்குக் கூலி குறையாது.

பயிற்சி

வாசகர்கள் இந்தப் பாடத்தைப் படித்ததோடு விட்டுவிடாமல், ஒரு தாளை எடுத்துத் தம் கடையில் தாமே மாதந்தோறும் தள்ளிப்போடும் வேலை ஒன்றை எழுதட்டும். அதன் கீழே பொருள், அளவு, விலக்கு, காலம், விலை என்ற ஐந்தையும் எழுதட்டும். ஐந்தாவதில், அந்த வேலையைப் பிறர் செய்து தந்தால் தாம் மனமுவந்து எவ்வளவு கொடுப்போம் என்று மெய்யாகவே எழுதட்டும். அந்தத் தாளைச் செயலாளரிடம் கொடுங்கள். பத்துத் தாள் சேர்ந்தால், எந்தப் பொட்டலத்தை முதலில் கட்டுவது என்பது தானே தெரிந்துவிடும். அந்தத் தாள்களைச் செயற்குழு முன் வைத்துப் பேசி, முடிவை மடலில் தெரிவிப்போம்.